துளி காய்ந்தால் கிருமி சாகுமா?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி. சுருக்கித் தருகிறேன்: "எங்கள் ஐயாவுக்கு இரண்டு மாதமாக இருமல். சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்து, போன வாரம் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். வீட்டில் இப்போது இரண்டு கட்சி. 'இருமித் தெறிக்கிற துளி நம் ஊர் வெயிலுக்கு நொடியில் காய்ந்துவிடும், காய்ந்தால் கிருமி காலி, உப்புக்கண்டம் கெட்டுப்போகிறதா என்ன?' என்கிறார் பெரியப்பா. 'காய்ந்த துளிதான் காற்றில் மிதக்கும், அதுதான் ஆபத்து' என்கிறாள் நர்சிங் படிக்கும் தங்கை. அப்பத்தா இரண்டையும் காதில் வாங்காமல் ஐயாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். யார் சொல்வது சரி?"

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வைத்தியர் இல்லை. மாத்திரை பற்றிய சந்தேகம் எல்லாம் உங்கள் மருத்துவரிடம்தான். துளியைப் பற்றி என்னிடம் கேட்டது சரி. ஆனால் அது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் உப்புக்கண்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சிரித்துத் தள்ள முடியாது. கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. உப்பு கறிக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. உள்ளே மிஞ்சிய தண்ணீரையும் தன்னோடு கட்டிப்போடுகிறது. கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காது, அதனால் பெருக முடியாது. இதுவரை பெரியப்பா சொல்வது சரிதான். ஆனால் பெருகாமல் இருப்பது வேறு, சாவது வேறு. குதிருக்குள் காய்ந்து கிடக்கும் விதைநெல் முளைப்பதில்லை. அதற்காக அது செத்துவிட்டது என்று யாரும் கொட்டிவிடுவதில்லையே. கண்டத்தில் கிருமி பெருகாமல் இருந்தாலே நமக்குப் போதும். இருமல் துளியில் அது போதாது. ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவர் மூச்சுக்குப் போகும்வரை, சில நிமிடமோ ஒரு மணி நேரமோ, அந்தக் கிருமி தாக்குப்பிடித்தால் அதன் காரியம் முடிந்தது. உள்ளே போனபின் அதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை.

இப்போது துளிக்கு வருவோம். இருமல், தும்மல் மட்டுமல்ல, சத்தமாகப் பேசினாலும் பாடினாலும்கூட வாயிலிருந்து துளிகள் கிளம்புகின்றன. கண்ணில் படுகிறவை கொஞ்சம், படாதவைதான் ஏராளம். இவற்றை மைக்ரானில் அளப்பார்கள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். டிபி கிருமி 2 முதல் 4 மைக்ரான் நீளமுள்ள ஒரு சின்னக் குச்சி. கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி சளியில் 10 லட்சம் கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரான் குறுக்களவுள்ள துளி என்றால், இரண்டு துளிக்கு ஒரு கிருமி வரும். 10 மைக்ரான் துளி என்றால், 2000 துளிக்கு ஒன்று. பறக்கிற பொடித்துளிகளில் பெரும்பாலானவை வெறும் உப்புநீர் என்று அர்த்தம். டிபிக்காரர் ஒரு தடவை இருமியதும் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். பல நாள், பல மணி நேரம், ஒரே மூடிய அறைக் காற்றைப் பகிர்ந்தவர்களுக்குத்தான் அந்த இரண்டாயிரத்தில் ஒன்று வந்து சேரும் வாய்ப்பு அதிகம்.

துளி வாயை விட்டதும் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. கீழே விழுந்துகொண்டே காய்கிறது. இதில் எது முந்தும் என்று 1934இல் முறையாகக் கணக்குப் போட்டவர் அமெரிக்கரான வில்லியம் ஃபிர்த் வெல்ஸ். துளிகளால் நோய் பரவும் என்று ஜெர்மனியின் கார்ல் ஃப்ளூகே 1890களிலேயே காட்டியிருந்தார். விழும் வழியிலேயே துளி காய்ந்து, விழுவதை விட்டுவிட்டு மிதக்கத் தொடங்கும் என்பதை எண்களோடு சொன்னது வெல்ஸ்தான்.

100 மைக்ரான் துளி நொடிக்கு 25 சென்டிமீட்டர் வீதம் இறங்கும். நிற்கிற ஆளின் வாயிலிருந்து தரைக்கு ஆறு நொடி. அது காயவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், அதனால் எல்லைக்கோடு அந்த அளவில்தான் விழுகிறது. அதைவிடப் பெரிய துளி ஈரமாகவே தரையைத் தொட்டுவிடும். அதைவிடச் சிறியது தொடாது. ஏனென்றால், துளியின் குறுக்களவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் காயும் நேரம் நூற்றில் ஒன்றாகக் குறையும். 10 மைக்ரான் துளி கண்ணிமைப்பதற்குள் சுருங்கிவிடும். பெரியப்பா சொன்ன 'நொடியில் காய்ந்துவிடும்' இங்கே உண்மைதான், நொடிகூட அதிகம்.

ஆனால் சுருங்கியபின் என்ன ஆகிறது? துளியில் நூற்றில் ஒரு பங்குதான் கெட்டிப்பொருள் என்று வைத்தால், தண்ணீர் போனபின் குறுக்களவு ஐந்தில் ஒன்றாகும். 50 மைக்ரான் துளி 10 மைக்ரான் துகளாக நிற்கும். அது விழும் வேகமோ ஏறக்குறைய இருபதில் ஒன்றாகிவிடும். அசையாத காற்றிலேயே 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர எட்டு நிமிடம் எடுக்கும். 5 மைக்ரான் என்றால் அரை மணிக்கு மேல். 1 மைக்ரான் பன்னிரண்டு மணி நேரம். வீட்டில் அசையாத காற்று எங்கே இருக்கிறது? மின்விசிறி ஓடும், ஆள் நடமாடுவார்கள், அடுப்புச் சூடு மேலே ஏறும். நடைமுறையில் அந்தத் துகள் விழுவதே இல்லை என்றுகூட வைத்துக்கொள்ளலாம், காற்று போகும் திசைக்குப் போகும். இந்த அளவில் உங்கள் தங்கை சொல்வது சரி. மிதந்துகொண்டிருக்கிற அந்தத் துகளுக்குள் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் இனிமேல் பார்க்க வேண்டும்.

இதற்கு 'காய்ந்துவிட்டது' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். சளித்துளியில் தண்ணீரைத் தவிர உப்பு இருக்கிறது, மியூசின் என்ற கோந்து மாதிரியான புரதம் இருக்கிறது, கொஞ்சம் கொழுப்பும் இருக்கிறது. தண்ணீர் போகப் போக இவை எல்லாம் கெட்டிப்படுகின்றன. நம் வீட்டுப் பலகாரக் கணக்கில் சொன்னால், பானகமாக வெளியே வந்த துளி, பாகாகி, கடைசியில் கமர்கட்டாகிறது. எந்தப் பதத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது காற்றில் இருக்கிற ஈரம். கிருமி பிழைக்குமா என்பது பெரும்பாலும் அந்தப் பதத்தைப் பொறுத்தது.

உப்பின் நடத்தை இதில் விசித்திரமானது. நூறு மில்லி தண்ணீரில் 36 கிராம் உப்புக்கு மேல் கரையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாத்திரத்தில் வைத்த தண்ணீருக்கு. பாத்திரத்தில் சுவர் இருக்கிறது, கீறல் இருக்கிறது, தூசி இருக்கிறது, உப்பு அதைப் பிடித்துக்கொண்டு படிகமாகும். காற்றில் தொங்கும் துளிக்குச் சுவர் ஏது? அதனால் அளவு தாண்டியும் உப்பு கரைந்தே இருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 45 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் திடீரென்று படிகமாகும். திரும்பக் கரைய வேண்டுமானால் 45 போதாது, 75 சதவீதம் வேண்டும். இடைப்பட்ட ஈரப்பதத்தில் ஒரே மாதிரியான இரண்டு துளிகளில் ஒன்று திரவமாகவும் இன்னொன்று படிகமாகவும் இருக்க முடியும். ஈரத்திலிருந்து வந்ததா, வறட்சியிலிருந்து வந்ததா என்று அதன் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி மழையில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் பாதி தெரியும். கல் உப்பு தானாகவே கசிந்து அடியில் நீர் கட்டும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, காற்றிலிருந்து அதுவே இழுத்துக்கொண்டது. கல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்புகள் 75 வரைகூடக் காத்திருக்காது, 33 சதவீத ஈரம் இருந்தாலே நீர் கோத்துக்கொள்ளும். சளித்துளியும் கலப்பட உப்புதான். ஆகவே முழுக்க வறண்டுபோவது அதற்கு அரிது.

இந்தப் பதங்களில் கிருமிக்கு ரொம்பக் கஷ்டமானது நடுப்பதம். இன்ஃப்ளூயன்சா மாதிரி கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களைப் பல ஈரப்பதங்களில் வைத்துச் சோதித்தால், நல்ல வறண்ட காற்றில் பிழைக்கும், நூறை ஒட்டிய ஈரக் காற்றிலும் பிழைக்கும், நடுவில்தான் அதிகம் சாகும். நல்ல ஈரத்தில் துளி பானகமாகவே இருக்கிறது, உப்பு உறைப்பதில்லை. நல்ல வறட்சியில் கமர்கட்டாகிவிடுகிறது, உள்ளே எதுவும் நகர முடியாததால் வைரஸைச் சிதைக்கும் வேதிவேலையும் நின்றுபோகிறது. நடுவில் உப்பு பல மடங்கு செறிந்து, ஆனால் இன்னும் திரவமாகவே, நீண்ட நேரம் அரிக்கிறது.

கொரோனா காலத்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு அழகான சோதனை செய்தார்கள். வைரஸ் உள்ள துளியை மின்புலத்தில் அந்தரத்தில் நிறுத்தி, வேண்டிய ஈரப்பதத்தில் வேண்டிய நேரம் தொங்கவிட்டு, பிறகு உயிரணுக்கள் மேல் இறக்கித் தொற்றுகிறதா என்று பார்ப்பது. 50 சதவீதத்துக்குக் குறைந்த ஈரத்தில், படிகமாகும் அந்த அதிர்ச்சியிலேயே, சில நொடிகளில் ஏறக்குறைய பாதி வைரஸ் செயலிழந்தது. 90 சதவீத ஈரத்தில் பாதியாகக் குறைய ஐந்து நிமிடம் ஆனது, இருபது நிமிடத்தில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. ஈரத்தில் உப்பு செறியவில்லையே, அப்புறம் ஏன் செத்தது?

ஆப்ப சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயின் ஈரத்தில் பைகார்பனேட் இருக்கிறது, ஆப்ப சோடாவில் இருப்பது அதுதான். நுரையீரலுக்குள் கரியமில வாயு அதிகம் என்பதால் அது அப்படியே அடங்கிக் கிடக்கும். துளி வெளியே வந்ததும், கோலி சோடாவைத் திறந்த மாதிரி, வாயு வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது சலவை சோடா பக்கம் நகர்கிறது, துளி காரமாகிவிடுகிறது (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்). கொரோனா வைரஸால் அந்தக் காரத்தைத் தாங்க முடியவில்லை. இதன் மறுபக்கம் 2024இல் வந்தது: சுற்றியுள்ள காற்றிலேயே கரியமில வாயு நிறைந்திருந்தால் துளியிலிருந்து அது வெளியேறத் தயங்கும், காரம் ஏறாது, வைரஸ் நீடிக்கும். வாயு 3000 பிபிஎம் (அதாவது பத்து லட்சத்தில் 3000 பங்கு) அளவுக்கு உயர்ந்த காற்றில், 40 நிமிடத்துக்குப் பின், சுத்தக் காற்றில் மிஞ்சியதைப் போலச் சுமார் பத்து மடங்கு வைரஸ் மிஞ்சியது. வெளிக்காற்றில் இந்த வாயு 420 பிபிஎம் அளவில்தான் இருக்கிறது. கதவை அடைத்து ஏசி போட்டு ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கல்யாண மண்டபத்தில் அது பல மடங்கு ஏறும். முகூர்த்தம் முடிந்து வந்ததும் வீடே சளி பிடித்துப் படுக்கிறதே என்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பந்தியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டதுதான் காரணம் என்பதில் எல்லாரும் உறுதியாக இருக்கிறார்கள்.

இதுவரை பேசியதில் பெரும்பகுதி வைரஸ் கதை. பாக்டீரியாக்களில் ஆளுக்கு ஒரு குணம். காலரா கிருமி காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும், அதனால்தான் அது தண்ணீரில் பரவுகிறதே தவிரக் காற்றில் இல்லை. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டைஃபைலோகாக்கஸ் காய்ந்த துணியில் வாரக்கணக்கில் கிடக்கும். டிபி கிருமி பிடிவாதக்காரர்களில் ஒருவர். அதன் மேலுறை மெழுகு. வத்தல் குழம்பின் மேல் நல்லெண்ணெய் நிற்கிற மாதிரி தண்ணீரை வெளியேயும் விடாது, உள்ளேயும் விடாது. துளி காய்வது அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. டிபி கிருமி நோயைத் தொடங்க வேண்டுமானால் நுரையீரலின் கடைக்கோடிக் காற்றுப்பைகளுக்குப் போயாக வேண்டும். பெரிய ஈரத்துளி அங்கே போகாது, மூக்கிலும் தொண்டையிலும் சளியில் ஒட்டி, வயிற்றுக்குப் போய்விடும். 1 முதல் 5 மைக்ரான் துகள்தான் வளைவு நெளிவுகளைத் தாண்டி அடிவரை போகும். ஆக டிபியைப் பொறுத்தவரை துளி காய்வது ஆபத்தைக் குறைக்கவில்லை, பயணத்துக்குத் தயார் செய்கிறது. பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இதை நிரூபித்த சோதனை பால்டிமோரில் 1950களின் கடைசியில் நடந்தது. வெல்ஸும் அவர் மாணவர் ரிச்சர்ட் ரைலியும் ஆறு படுக்கை கொண்ட ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கட்டடத்தின் மேல் இருந்த கூண்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே சீமை எலிகள், அதாவது கினிப் பன்றிகள். அவை எந்த நோயாளியையும் தொடவில்லை, எந்தத் தட்டிலும் சாப்பிடவில்லை, காற்றை மட்டும் சுவாசித்தன. மாதக்கணக்கில் ஒன்று இரண்டாக டிபி வந்துகொண்டிருந்தது. அதே காற்றைப் புற ஊதா விளக்கு வழியாக அனுப்பிய கூண்டில் ஒன்றுக்குக்கூட வரவில்லை.

அப்பத்தாவின் தட்டு விஷயத்துக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. டிபி தட்டில் பரவுவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஐயாவின் டம்ளர் பழையபடி சமையல்கட்டில் மற்ற டம்ளர்களோடு கவிழ்ந்து கிடக்கலாம்.

தட்டு, தரை, மேசை என்று வந்துவிட்டதால் மற்றக் கிருமிகளுக்காக ஒரு சின்ன விலகல். எங்கள் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தது. அவர்களுக்கு மண்டபத்தில் கடலோரம் ஒரு துருப்பிடிப்புச் சோதனை நிலையம் உண்டு. அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொல்வார்: "மழையே வேண்டாம் சார், கடல் உப்பு ஒரு பொட்டு இரும்பு மேல் உட்கார்ந்தால் போதும், காற்றில் ஈரம் ஏறியதும் அது தானே தண்ணீர் கட்டிக்கொள்ளும், துரு ஆரம்பிச்சிடும்." கண்ணுக்குக் காய்ந்த இரும்பு, உண்மையில் நனைந்த இரும்பு. கிருமிக்கும் அதே கதைதான் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

வகுப்பில் ஒரு எளிய செய்முறை வைத்திருந்தேன். குடல் பாக்டீரியா கலந்த ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காயவிட்டு, மறுநாள் அதைக் கழுவி வளர்ப்புத் தட்டில் பூச வேண்டும். மே மாதம் சிறப்பு வகுப்பில் செய்தால் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. 'பார்த்தீர்களா, காய்ந்தால் செத்துவிடும்' என்று முடித்துவிடுவேன். ஒரு வருஷம் அடைமழையில் கார்த்திகை மாதம் அதே செய்முறை. கண்ணாடி பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. மறுநாள் தட்டு முழுக்கப் பயிர் மாதிரி அடர்ந்து கிடந்தது. மாணவர்கள் சரியாகக் காயவிடவில்லை என்று திட்டினேன். திட்டு வாங்கிய பிள்ளைகள்மேல் தப்பில்லை. இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் அது உறைத்தது. 85 சதவீத ஈரத்தில் காய்ந்ததாகத் தோன்றும் பரப்பில், உருப்பெருக்கியில் பார்த்தால், பாக்டீரியாக்களைச் சுற்றி மிகச்சிறு நீர்ப்பொட்டுகள் மிஞ்சி நிற்கின்றன. தனியாக விழுந்த பாக்டீரியாவைச் சுற்றிச் சின்னப் பொட்டு, கூட்டமாக இருப்பவற்றைச் சுற்றிப் பெரிய பொட்டு. பெரிய பொட்டில் இருந்தவை ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருந்தன. துடைத்துக் காய்ந்த சமையல் மேடை மழைக்காலத்தில் கிருமிக்குக் காய்ந்த மேடை இல்லை. அடைமழை நாளில் கறி வெட்டிய பலகையைக் கழுவிச் சாய்த்து வைத்தால் மட்டும் போதாது, அடுப்புப் பக்கம் வைத்து நன்றாகச் சூடேற்றுவது நல்லது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். டிபி கிருமி காய்ந்தும் சாகாது என்றால் அதைக் கொல்வது எது? வெயில். 1890லேயே, டிபி கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், நேரடி வெயிலில் டிபி கிருமி சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் செத்துவிடுகிறது, படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா வெயிலை நம்பியது தப்பில்லை. வெயில் சூட்டால் காயவைத்துக் கொல்லும் என்று நினைத்ததுதான் தப்பு, வேலையைச் செய்வது அதன் புற ஊதாக் கதிர்.

வெயில் இல்லாத நேரத்திலும் வெளிக்காற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் 1968இல் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். சிலந்தி நூலைச் சட்டத்தில் சுற்றி, பாக்டீரியா உள்ள நுண்துளிகளை அதில் ஒட்டவைத்து, இரவில் வெளியே ஒன்று, பெட்டிக்குள் ஒன்று என்று வைத்தார்கள். வெப்பமும் ஈரமும் ஒன்றேதான். வெளியே இருந்தவை சீக்கிரம் செத்தன. காற்றில் இருக்கும் ஓசோன், செடிகொடிகளும் வண்டிகளும் விடும் ஆவிகளோடு சேர்ந்து உண்டாக்கும் பொருள்கள்தான் காரணம் என்று கண்டார்கள். அறைக்குள் காற்று சுவர்களில் பட்டுப் பட்டு அந்தக் குணத்தை இழந்துவிடுகிறது.

இதையெல்லாம் விடப் பெரியது சாதாரணக் கலப்பு. வெளிக்காற்று வர வர உள்ளே மிதக்கிற துகள் நீர்த்துப்போகும். உங்களுடையது பழைய வீடு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுவில் வானம் பார்த்த முற்றம், தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் கூரை. சூடான காற்று மேலே ஏறி முற்றம் வழியாக வெளியேற, வாசல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். கட்டியவர்கள் வெயிலை நினைத்துக் கட்டினார்கள், கிருமியை நினைத்து அல்ல. பலன் இரண்டுக்கும்தான். ஆனால் இப்போது நிறைய வீடுகளில் குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு அடைத்திருக்கிறார்கள். கம்பி வலை போதுமே, தகடு எதற்கு? உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் இந்தச் சில மாதமாவது அதை எடுத்துவிடுங்கள்.

ஐயாவின் கட்டில் வளவில், முற்றத்தை ஒட்டி இருக்கட்டும். வயதானவர் என்று ஏசி அறையைக் கொடுத்திருந்தால், பாசம் சரி, இடம் தப்பு. சாதாரண ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். மின்விசிறியின் காற்று அவரிடமிருந்து மற்றவர்கள் பக்கம் வராமல், முற்றத்தின் பக்கம் போகிற மாதிரித் திருப்பி வையுங்கள். ஆள் வந்து பக்கத்தில் உட்காரும்போது மட்டும் ஐயா முகக்கவசம் போட்டால் நல்லது. நீங்கள் போடுவதைவிட அவர் போடுவதில் பலன் அதிகம், காரணம் மேலே பார்த்ததுதான்: உதட்டை விட்டுக் கிளம்பும்போது துளி பெரியது, சாதாரணத் துணியிலேயே மாட்டிக்கொள்ளும். சுருங்கி மிதக்கத் தொடங்கியபின் அதைப் பிடிக்க நல்ல என்95 கவசம் வேண்டும். கோழையை மூடியுள்ள டப்பாவில் துப்பி, நர்ஸ் சொல்கிற மாதிரி அப்புறப்படுத்துங்கள்.

ஐயாவைத் தனியாக எங்காவது அனுப்ப வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். நம் மாநிலத்திலேயே அதற்கு விடை கண்டுபிடித்து உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் டிபி நோயாளிகளில் ஒரு பாதிப்பேருக்கு சானடோரியத்தில் (டிபிக்காரர்களைத் தங்கவைக்கும் தனி மருத்துவமனை) மருத்துவம், மறு பாதிப்பேருக்கு வீட்டிலேயே. வீடு என்றால் நெருக்கடியான ஏழை வீடுகள், சாப்பாடும் அரைகுறை. குணமானவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதைவிட முக்கியம், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் டிபி கூடுதலாக வரவில்லை. 1959இல் முடிவு வெளியானபின் உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவை குறையத் தொடங்கியது. மாத்திரை உள்ளே போனதும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது, பொதுவாக இரண்டு வாரத்தைக் கணக்காகச் சொல்வார்கள். உங்கள் ஐயா போன வாரம்தான் தொடங்கியிருக்கிறார், ஆக இந்த வாரமும் அடுத்த வாரமும் கொஞ்சம் கூடுதல் கவனம்.

அந்த ஆய்வில் குடும்பத்தாருக்கு வந்த டிபியில் பெரும்பங்கு, நோய் கண்டுபிடிப்பதற்கு முந்தைய நாட்களின் தொற்று. உங்கள் வீட்டிலும் ஐயா இருமிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதம் முடிந்துபோன விஷயம், அப்போது எல்லாரும் அதே காற்றைத்தான் சுவாசித்தீர்கள். அதனால் தட்டைப் பிரிப்பதில் செலவழிக்கிற அக்கறையை இதில் காட்டுங்கள்: வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், உங்கள் அப்பத்தா உட்பட, அரசு மருத்துவமனையின் டிபி பிரிவுக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செலவு கிடையாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளை யாராவது இருந்தால் முதலில் அந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நோய் இல்லை என்று உறுதியானாலும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள், அதைப் பாதியில் நிறுத்தாமல் கொடுத்து முடிக்க வேண்டும்.